பலகை பல, செக்கு ஒன்று!

ஓர் ஊரில் ஒரு கடைத்தெரு. அத்தெருவில் எண்ணெய்க் கடைகள் பன்னிரண்டு. ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு பெயர்ப்பலகை; ஒவ்வொரு வண்ணம். வாங்க வருவோன் தன் விருப்பம்போல் ஒரு கடையில் நுழைகின்றான். எண்ணெயை அளந்து வாங்குகின்றான். 'யானே தேர்ந்து வாங்கினேன்' எனத் தோள் நிமிர்த்தி வீடு திரும்புகின்றான். ஆனால் அத்தெருவின் பின்புறத்தே சுழல்வது ஒரே ஒரு செக்கு. பன்னிரண்டு கடைக்கும் எண்ணெய் அச்செக்கிலிருந்தே வருகின்றது. வேறு செக்கு வைத்தல் கூடாது என்பது தெருவை உடையவன் இட்ட கட்டளை. செக்கில் கசடு கலந்தால் பன்னிரண்டு கடை எண்ணெயும் கசடே. இதனைத் தேர்வு என்று சொல்பவன் ஒன்று, அறியாதவன். அன்றேல், அச்செக்குக்கு உரியவன்.

இது கதையன்று, நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் நாள்தோறும் நடக்கும் நிகழ்ச்சி. கைப்பேசியில் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவிகளைப் பற்றியே ஈண்டுச் சொல்கின்றோம்.

உலாவியும் பொறியும்

இணையப் பக்கம் நம் கைப்பேசிக்கு எழுத்தாகவும் படமாகவும் வருவதில்லை; குறியீடுகளின் தொகுப்பாகவே வருகின்றது. அக்குறியீடுகளைப் படித்து, எழுத்தை எழுத்தாகவும் படத்தைப் படமாகவும் உரிய இடத்தில் அமைத்துக் காட்டும் உள்ளுறுப்பே உலாவிப் பொறி. மேலே தெரியும் பட்டையும் பொத்தானும் வண்ணமும் பெயர்ப்பலகை. உள்ளே சுழலும் பொறியே செக்கு.

இன்று உலகில் பெருவழக்காயுள்ள பொறிகள் மூன்றே. ஆப்பிள் நிறுவனத்தின் வெப்கிட்; கூகுளின் கையிலுள்ள பிளிங்கு; மொசில்லாவின் கெக்கோ. இவற்றுள்ளும் முன்னிரண்டும் ஒரு குடும்பத்தின. கே.டி.இ. என்னும் கட்டற்ற மென்பொருட் குழுவினர் ஆக்கிய பொறியை அடியாகக் கொண்டு ஆப்பிள் வெப்கிட்டை அமைத்தது; அவ்வெப்கிட்டிலிருந்து 2013-இல் கூகுள் பிளிங்கைப் பிரித்துக்கொண்டது. நார்வே நாட்டில் பிறந்த ஓப்பரா, தனக்கெனச் சொந்தப் பொறி வைத்திருந்தது. அதே 2013-இல் அதனைக் கைவிடுவதாக அறிவித்தது. மைக்ரோசாப்ட்டு என்னும் மலையும் 2018 திசம்பரில் தன் பொறியைத் துறப்பதாகச் சொல்லி, 2020 சனவரியில் கூகுளின் பொறிமேல் கட்டப்பட்ட எட்சு உலாவியை வெளியிட்டது. ஆக, பெயர்ப்பலகைகள் பெருகின, செக்குகள் குறைந்தன. இற்றை நாளில் உலகக் கைப்பேசி உலாவலில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, கூகுளின் குரோம், ஆப்பிளின் சஃபாரி என்னும் இரண்டனுள் அடங்கிவிடுகின்றது.

ஆப்பிள் இட்ட வேலி

ஐபோன் 2007-இல் வெளிவந்தது. அதன் செயலிக் கடை 2008-இல் திறக்கப்பட்டது. அக்கடையின் ஒழுங்குமுறையில் 2.5.6 என்று ஒரு பிரிவுண்டு. இணையத்தை உலாவும் செயலி எதுவாயினும் ஆப்பிளின் வெப்கிட் பொறியையே கொள்ளல் வேண்டும் என்பது அதன் சாரம். 2012-இல் குரோம் ஐபோனுக்குள் நுழைந்தது. 2015-இல் பயர்பாக்சு நுழைந்தது. எட்சும் ஓப்பராவும் வந்தன. வந்தவை அனைத்தும் தத்தம் பொறியை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு, ஆப்பிளின் பொறியை மாட்டிக்கொண்டே உள்ளே சென்றன. ஐபோனில் பயர்பாக்சைத் திறப்பவன் பயர்பாக்சின் பலகையைத்தான் பார்க்கின்றான்; அவனுக்கு எண்ணெய் ஆட்டித் தருவது ஆப்பிளின் செக்கே.

பலகையைத் தேரும் உரிமையாவது முழுமையாக இருந்ததா? அதுவும் இல்லை. ஒரு தொடுப்பைத் தொட்டால் எந்த உலாவி தானாகத் திறக்க வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ளும் வழியை ஆப்பிள் 2020-இல்தான் தந்தது. பதின்மூன்று ஆண்டுக் காலம், பொன்விலை கொடுத்து வாங்கிய தன் கைப்பேசியில் எந்தக் கதவு முதலில் திறக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை, வாங்கியவனுக்கு இல்லை, விற்றவனுக்கு இருந்தது!

இதனால் விளைந்த கேடு யாது? ஒன்று காட்டுவோம். ஓர் இணையத்தளம் தன் பயனர்க்குக் கைப்பேசித் திரையில் அறிவிப்பு அனுப்பும் வசதி, ஆண்டிராய்டுக் குரோமில் 2015-இலேயே வந்துவிட்டது. ஐபோனில் அது வந்தது 2023 மார்ச்சில். அதுவும் முகப்புத் திரையில் பதித்துவைத்த தளங்களுக்கே. இடையில் எட்டாண்டுகள். வேறு பொறிக்கு இடமிருந்திருப்பின், ஆப்பிள் தராத வசதியை மற்றொருவர் தந்திருப்பர். அதனைக் கண்டு ஆப்பிளும் விரைந்திருக்கும். வேறு பொறிக்கு இடமில்லாமையால், ஆப்பிள் நடந்த நடையே ஐபோன் வைத்திருந்த அனைவர்க்கும் நடையாயிற்று. இணையத்தளமே செயலிபோல் வேலை செய்யுமாயின், செயலிக் கடையில் விற்பனைக்கு நூற்றுக்கு முப்பது வரை எடுத்துக்கொள்ளும் சுங்கம் குறையும். நடை ஏன் தளர்ந்தது என்பதை இனி நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கூகுள் விரித்த வலை

ஆப்பிள் கதவடைத்தது, கூகுள் கதவைத் திறந்துவைத்து வாயிலில் தானே நின்றுகொண்டது. ஆண்டிராய்டில் பிற பொறிகளுக்குத் தடையில்லை. பயர்பாக்சு அங்குத் தன் சொந்தக் கெக்கோவோடு இயங்குகின்றது. இதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் கைப்பேசி செய்வார்க்குக் கூகுள் விதித்த கட்டளை யாது? எம் செயலிக் கடை வேண்டுமா? அப்படியாயின் எம் தேடுபொறியையும் எம் குரோம் உலாவியையும் முன்கூட்டியே பதித்துத் தருக என்பதே. செயலிக் கடை இல்லாத கைப்பேசியை எவன் வாங்குவான்? ஆகவே, கைப்பேசி செய்வோர் அனைவரும் தலையசைத்தனர்.

இதனை முறைகேடு என்று கண்டு, ஐரோப்பிய ஆணையம் 2018 சூலை 18-இல் கூகுளுக்கு 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. ஐரோப்பியப் பொதுமன்றம் 2022 செப்டம்பரில் அதனை 412.5 கோடியாகக் குறைத்ததேயன்றிக் குற்றம் இல்லை எனச் சொல்லவில்லை. இந்தியப் போட்டி ஆணையமும் 2022 அக்டோபர் 20-இல் இதே ஆண்டிராய்டுச் செய்தியில் 1,337.76 கோடி உருபா தண்டம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் கட்டளைகள் சிலவற்றை நீக்கிற்று, தண்டத்தை நீக்கவில்லை.

பகைவர் போல்வார், பங்காளிகள் ஆவார்

'இரு பெரு நிறுவனங்கள் மோதுகின்றனவே, அது போட்டியன்றோ?' என்று கேட்பார் உளர். மோதுவது போல் தோன்றுகின்றது, மோதவில்லை. சஃபாரியில் கூகுள் தேடுபொறியே முதலில் நிற்பதற்காக, 2022 என்னும் ஓராண்டில் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்த தொகை 2,000 கோடி தாலர். இஃது அமெரிக்க முறைமன்றத்தில் நடந்த வழக்கின் ஆவணங்களால் வெளிப்பட்ட உண்மை. அவ்வழக்கில் தீர்ப்பாளர் அமித் மேத்தா 2024 ஆகசுட்டு 5-இல், தேடலில் கூகுள் சட்டத்திற்கு மாறாகத் தனியாண்மை நடத்தியது என்று தீர்ப்பளித்தார். ஆயினும் 2025 செப்டம்பரில் தீர்வு வகுத்தபோது, குரோமைக் கூகுள் விற்றுவிட வேண்டும் என்னும் அமெரிக்க அரசின் கோரிக்கையை அவர் ஏற்கவில்லை.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. பிரித்தானியப் போட்டி ஆணையம் 2025 மார்ச்சு 12-இல் கைப்பேசி உலாவிகளைப் பற்றிய தன் முடிந்த அறிக்கையை வெளியிட்டது. ஐபோனில் ஒருவன் சஃபாரியை விட்டுக் குரோமுக்கு மாறித் தேடினாலும், அத்தேடலின் வருவாயிலும் ஆப்பிளுக்குப் பங்கு செல்கின்றது. இதனால் இருவர்க்கும் போட்டியிடும் ஊக்கம் குன்றுகின்றது என்று அவ்வறிக்கை எடுத்துக்காட்டிற்று. ஒருவன் கடையில் வாங்கினாலும் இருவர்க்கும் ஊதியம். மற்றவன் கடைக்கு மாறினாலும் இருவர்க்கும் ஊதியம். இப்படிப்பட்ட இருவர் ஏன் மோதிக்கொள்ளப் போகின்றனர்?

மூன்றாம் செக்கை ஓட்டும் மொசில்லாவோ, தன் வருவாயின் பெரும்பகுதிக்குக் கூகுள் தரும் தேடுபொறிப் பணத்தையே நம்பியிருக்கின்றது. எதிர்த்து நிற்பவனுக்கும் சோறு எதிரியின் அடுக்களையிலிருந்தே வருகின்றது. நிலைமை இவ்வளவுக்கு முற்றியிருக்கின்றது.

இரண்டு மறுப்புகள்

ஆப்பிளின் சார்பில் ஒரு மறுப்பு எழுப்பப்படுகின்றது. 'வேற்றுப் பொறிகள் நுழைந்தால் காப்புக் குலையும். ஒரே பொறியாயின் ஓட்டையை உடனே அடைக்கலாம்' என்பது அது. காப்பு வேண்டும் என்பதில் நமக்கும் மாறுபாடில்லை. ஆனால் அதே ஆப்பிள் செய்து விற்கும் மேக் கணினியில் குரோம் தன் பிளிங்கோடும் பயர்பாக்சு தன் கெக்கோவோடும் நெடுங்காலமாக இயங்குகின்றனவே! மேசைமேல் உள்ள கணினியில் குலையாத காப்பு, கையில் உள்ள பேசியில் மட்டும் எங்ஙனம் குலையும்? மேலும், ஊர் முழுமைக்கும் ஒரே பூட்டாயின், ஒரு கள்ளச் சாவி ஊரையே திறக்கும். வெப்கிட்டில் ஓர் ஓட்டை காணப்படின், ஐபோனில் எந்த உலாவிக்கு ஓடி ஒளிவது? எல்லா உலாவியும் அதுவே அன்றோ!

'விரும்பாதவர் மாற்றிக்கொள்ளலாமே, யார் தடுத்தார்?' என்பது மற்றொரு மறுப்பு. மாந்த இயல்பை அறியாதார் சொல் இது. முன்னால் வைத்த இலையில் உண்பதே பெரும்பாலோர் வழக்கம். அஃது அறிந்தன்றோ 2,000 கோடி தாலர் கொட்டப்படுகின்றது! மக்கள் தாமே தேர்ந்து கூகுளைத்தான் எடுப்பர் என்று உறுதியாக நம்புபவன், முதலிடத்துக்காக ஒரு செப்புக்காசும் கொடான்.

தேர்வுத் திரை காட்டச் செய்தால் போதும் என்பாரும் வரலாற்றை நோக்குக. விண்டோசுக் கணினிகளில் பன்னிரண்டு உலாவிகளைக் காட்டித் தேர்ந்துகொள்ளச் சொல்லும் திரையை வைப்பதாக மைக்ரோசாப்ட்டு ஐரோப்பிய ஆணையத்திற்கு 2009-இல் உறுதி தந்தது. 2010-இல் அத்திரை வந்தது. 2011 மே தொடங்கி 2012 சூலை வரை, விண்டோசின் புதிய பதிப்பு ஒன்றில் அது காட்டப்படவே இல்லை. ஒன்றரைக் கோடிப் பேர்க்கு மேற்பட்டோர் அதனைக் காணாது போயினர். 2013 மார்ச்சில் அந்நிறுவனத்துக்கு 56.1 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. காவல் இல்லாத உறுதிமொழி காற்றோடு போம் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

ஒரே உலாவி ஆண்ட காலத்தில் இணையம் எப்படி இருந்தது? மைக்ரோசாப்ட்டின் இன்டர்நெட் எக்சுபுளோரர் ஆறாம் பதிப்பு 2001-இல் வந்தது. ஏழாம் பதிப்பு 2006-இல் வந்தது. போட்டியாளர் வீழ்ந்த பின்னர், ஐந்தாண்டுகள் அசையாமல் படுத்திருந்தது அப்பெரு நிறுவனம். 2004-இல் பயர்பாக்சு தோன்றி மக்களை ஈர்க்கத் தொடங்கியதும்தான் அது கண்விழித்தது. போட்டி இல்லாத இடத்தில் வளர்ச்சி இல்லை என்பதை இணையம் ஒருமுறை பட்டறிந்துவிட்டது. மறுமுறையும் பட்டுத்தான் அறிய வேண்டுமா?

தமிழுக்கு இதில் என்ன?

'உலாவிச் சண்டை வணிகர் சண்டை. மொழித்தொண்டு செய்வார்க்கு இதில் என்ன வேலை?' என்று நம்மவரே சிலர் வினவுவர். அவர்க்கு என் பட்டறிவு ஒன்றைச் சொல்வேன்.

2010-ஆம் ஆண்டையொட்டி யான் ஒரு சிறு கைப்பேசி வைத்திருந்தேன். அதனோடு வந்த உலாவியில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், எழுத்து நிற்க வேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள் வரிசை வரிசையாய் நிற்கும். ஆங்கிலம் தெரியும், எண் தெரியும், தமிழ் மட்டும் தெரியாது. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய மொழி, ஒரு கையகலக் கருவியில் கட்டமாய்க் கிடந்த காட்சி என் நெஞ்சைச் சுட்டது. ஒருநாள் எம் பள்ளியின் கணக்காசிரியராகிய இளைஞர் அக்கைப்பேசியை வாங்கி, ஓப்பரா மினி என்னும் உலாவியை இறக்கினார். முகவரிப் பட்டையில் எதையோ தட்டி, உள்ளமைப்பு ஒன்றை மாற்றினார். கட்டங்கள் மறைந்தன; தமிழ் தெரிந்தது! கைப்பேசிக்கு எழுதத் தெரியாத எழுத்தை ஓப்பராவின் வழங்கிக் கணினியே படமாக வரைந்து அனுப்பிற்று என்று அவர் விளக்கினார். அன்று ஆயிரக்கணக்கான தமிழர் தம் கைப்பேசியில் முதன்முதல் தமிழ் படித்தது இவ்வழியால்தான்.

இதனை எண்ணிப் பார்க்க. அன்று அக்கைப்பேசியைச் செய்தவன், 'எம் பொறியைத் தவிர வேறு வழியில் பக்கம் காட்டுதல் கூடாது' என்று வேலியிட்டிருந்தால், கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்திருப்போம். உலாவித் தேர்வு நமக்கு ஆடம்பரம் அன்று; நம் எழுத்து நம் கண்ணுக்குத் தெரிந்ததே அதனால்தான். கொம்பு இடம் மாறி நிற்கின்றதா, புள்ளி விலகுகின்றதா, சொல் வரியிறுதியில் எவ்விடத்தே முறிகின்றது என்பனவற்றில் உலாவிப் பொறிக்கும் பங்குண்டு. சிறு மொழிகளின் குறை பெரு வணிகனின் வேலைப்பட்டியலில் கடைசி வரியில் நிற்கும். வேறு கடைக்குப் போய்விடுவர் என்னும் அச்சம் ஒன்றே அவ்வரியை மேலேற்றும். அவ்வச்சம் இல்லையேல், நம் முறையீடு கிணற்றில் இட்ட கல்.

'உலா' வந்தது, பொறி வந்ததா?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனம் 2023-இல் 'உலா' என்னும் உலாவியை வெளியிட்டது. இந்திய அரசு நடத்திய உள்நாட்டு உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் அந்நிறுவனமே முதற்பரிசு பெற்றது. உலகச் சந்தைக்குச் செல்லும் கருவிக்குத் தூய தமிழ்ப் பெயரைக் கூசாமல் இட்டமைக்கு நாம் நெஞ்சாரப் பாராட்டுகின்றோம். பயனரின் தனியுரிமையைக் காத்தல் அதன் நோக்கமாகச் சொல்லப்படுவதும் நன்றே.

ஆனால் அன்பால் ஒன்று கேட்கின்றோம். பலகை தமிழ், செக்கு யாருடையது? உலாவின் அடியில் சுழல்வது கூகுள் முன்னின்று நடத்தும் குரோமியத்தின் பிளிங்குப் பொறி. ஐபோனில் அதுவும் பிறரைப்போல் ஆப்பிளின் வேலிக்குள் நிற்க வேண்டியதே. குரோமியம் கட்டற்ற நிரல்தானே, எவரும் எடுத்தாளலாமே என்பர். எடுத்தாளலாம், ஆனால் நாளை எத்திசையில் அது செல்லும் என்பதைப் பெரிதும் வகுப்பது கூகுளே. ஆற்றின் தலைமடை பிறன் கையில் இருக்கும்போது கடைமடையில் நல்ல வரப்பு வெட்டி என்ன பயன்? ஒரு பொறியை அடியிலிருந்து ஆக்குதல் எளிதன்று; மைக்ரோசாப்ட்டே கைவிட்ட வேலை அது. சோகோவைக் குறை சொல்வதன்று நம் நோக்கம். பெயர் மாற்றத்தையே விடுதலை என்று மயங்கலாகாது என்பதே நாம் சொல்ல வந்தது.

பிறர் செய்தனர், நாம் யாது செய்தோம்?

ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுச் சந்தைச் சட்டத்தை 2022-இல் இயற்றி, 2024 மார்ச்சு 7 முதல் பெரு நிறுவனங்களைக் கட்டுப்படுத்திற்று. அச்சட்டத்திற்கு அஞ்சியே ஆப்பிள் அம்மாதம் ஐரோப்பாவில் தேர்வுத் திரையைக் காட்டிற்று. வேற்றுப் பொறிக்கும் இசைவு தந்தது. இசைவோடு இடையூறுகளையும் தந்தது. ஐரோப்பாவுக்கென்றே தனிச் செயலி செய்க என்பது அவற்றுள் ஒன்று. ஓராண்டு கழிந்த பின்னும், சொந்தப் பொறியோடு கூடிய பெயர்பெற்ற உலாவி ஒன்றேனும் ஐரோப்பியர் ஐபோனில் வந்து சேரவில்லை. சப்பான் 2024-இல் இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றி, 2025 திசம்பர் 18 முதல் முழுமையாக நடப்பித்தது. பிரித்தானியா 2025 அக்டோபர் 22-இல், கைப்பேசித் தளங்களில் தனிவலிமை உடையோர் என ஆப்பிளையும் கூகுளையும் குறித்து, அவர்களைக் கட்டுப்படுத்தும் உரிமையைப் பெற்றது.

இந்தியாவிலோ? தண்டம் விதித்த பின்னர் 2023 சனவரியில் கூகுள் வெளியிட்ட அறிவிப்பில் மக்களுக்குத் தருவதாகச் சொன்ன தேர்வுத் திரை, தேடுபொறிக்கே, உலாவிக்கன்று. மின்னணுப் போட்டிச் சட்ட வரைவு ஒன்று 2024 மார்ச்சில் மக்கள் முன் வைக்கப்பட்டது. வரைவு வேலியாகாது. கோடிக்கணக்கான கைப்பேசிகள் புழங்கும் நாட்டில், உலாவியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை சட்டத்தால் காக்கப்படுதல் வேண்டும் என்னும் கோரிக்கையைத் தமிழ் மன்றங்கள் உரத்து எழுப்பியிருக்க வேண்டாவா?

செயத்தக்கன

அரசு செய்ய வேண்டுவன மூன்று. புதுக் கைப்பேசியை முதன்முதல் திறக்கும்போதே உலாவியைத் தேர்ந்துகொள்ளும் திரை காட்டப்படல் வேண்டும். எப்பொறியோடும் உலாவி செய்து விற்கும் உரிமைக்கு எவ்வேலியும் கூடாது. முதலிடத்தைப் பணத்தால் வாங்குதல் தடுக்கப்படல் வேண்டும். இம்மூன்றாவதைச் செய்யுங்கால், அப்பணத்தாலேயே உயிர் வாழும் மொசில்லா போன்ற சிறியோர்க்கு மாற்று வழியும் வகுத்தல் வேண்டும். இல்லையேல் நோய்க்கு இட்ட மருந்தே நோயாளியைக் கொன்றுவிடும்.

நாம் செய்ய வேண்டுவன அரசுக்காகக் காத்திருக்க வேண்டாதவை. இவ்விதழைக் கீழே வைத்ததும் கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து, முதலில் நிற்கும் உலாவி எது, அதனை அங்கு நிறுத்தியவர் யார் என்று பார்க்க. ஆண்டிராய்டு வைத்திருப்போர் மூன்றாம் பொறியை ஒரு திங்களேனும் ஆண்டு பார்க்க. தமிழ்த் தளம் நடத்துவோர் தம் பக்கத்தைக் குரோமில் மட்டும் பார்த்து நிறைவு கொள்ளாமல், மூன்று பொறியிலும் திறந்து பார்க்க. 'இத்தளம் குரோமில் மட்டுமே நன்கு இயங்கும்' என்று எழுதிவைப்பவன், பிறன் செக்குக்குக் கூலியில்லாத மாடாகின்றான். எழுத்துப் பிழையாகத் தெரியும் இடங்களைக் கண்டால், பல்லைக் கடித்துப் பொறுக்காமல், அவ்வுலாவி செய்வார்க்கு எழுதுக. அவர் கேளாராயின், அவர் கடையை விட்டு வெளியேறுக.

பன்னிரண்டு பலகைகளை எண்ணி மகிழ்வது தேர்வன்று. பின்புறம் சென்று செக்குகளை எண்ணுக. ஒன்றாயின், அது கடைத்தெருவன்று; பட்டி! பட்டியில் உள்ள மாட்டுக்கும் எந்த மூலையில் படுப்பது என்னும் தேர்வு உண்டு. நமக்கு வேண்டுவது அத்தேர்வா? எண்ணுமின், பின்னர்த் துணிமின்!